ஆராதனை நேரலை: சுற்றலும் சத்தமும்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சில்) ஞாயிறு ஆராதனையை யூடியூபில் விட்டால், ஐயர் (போதகர்) பிரசங்கம் ஆரம்பிக்கும்போதே படம் நின்று வட்டம் சுற்றத் தொடங்கும். நெட் தரும் போனில் சிக்னல் நாலு கோடு நிற்கும். அப்லோட் வேகமோ 2 எம்பிபிஎஸ் தாண்டாது. நேரலைக்கு அதுதான் கணக்கு. நேரலை விடும் ஓபிஎஸ் மென்பொருளில் படத்தின் தெளிவை 1080-லிருந்து 480-ஆக இறக்கி, பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவு) 1000 கேபிபிஎஸ், அதாவது 1 எம்பிபிஎஸ் வைத்தேன். போனை ஜன்னலோரம் வைத்து யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்தேன். சுற்றுவது நின்றது.

சத்தம்தான் பெரும்பாடு. கேமரா மைக்கில் விசிறி இரைச்சல்தான் கேட்டது. மிக்ஸரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (ஸ்பீக்கருக்குப் போவது தவிர, தனியாகச் சத்தம் எடுக்கும் வழி) யூஎஸ்பி சவுண்ட் கார்டுக்கு எடுத்தால், மைக் இல்லாமல் பாடும் பாடகர் குழுவைக் காணோம்! அவர்களுக்கு மேலே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, அந்த ஃபேடருக்குக் கட்டுப்படாத ப்ரீ-ஃபேடர் ஆக்ஸில் மட்டும் ஏற்றினேன். ஸ்பீக்கரில் கூவலும் இல்லை.

அசனத்தன்று (கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் விருந்து நாள்) மட்டும் ஊரே போனும் கையுமாக நிற்பதால் டவர் படுத்துவிடும். அன்றைக்குப் பதிவுசெய்து ராத்திரி ஏற்றுகிறேன்.