கதிர்த்தொழிற்பாடற்ற ஈலிய உணரி: முதன்முறை இயக்குபவர்களுக்கு

கொழும்பிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்தில், வாயு நிறப்பதிவுக் கருவியால் (gas chromatograph: மாதிரி வாயுவின் கூறுகளை நிரல் எனும் குழாயில் பிரித்து, ஒவ்வொன்றாக உணரிக்கு அனுப்பும் கருவி) பில்லியனில் சில பங்கு அளவேயான நைதரசன், ஒட்சிசன், மெதேன் ஆகியவற்றை அளக்க வேண்டியிருந்தது. சுவாலை அயனாக்க உணரிக்கு நைதரசன் தெரியாது. வெப்பக் கடத்துதிறன் உணரிக்கு அவ்வளவு சிறிய அளவு எட்டாது. கதிர்த்தொழிற்பாடுள்ள திரித்தியம் வைத்த பழைய உணரியென்றால், 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டும். ஆகவே துடிப்பு மின்னிறக்க உணரியைத் தெரிவுசெய்தோம். அதிலே ஈலியத்தினூடே எழும் மின்பொறி 13.5 முதல் 17.7 வரையான இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள ஒளித்துணிக்கைகளை வெளியிட, அவை நியோன் நீங்கலாக ஏறத்தாழ எல்லா வாயுக்களையும் அயனாக்குகின்றன. கசிந்து புகும் அறைக்காற்றும் அதற்கு விலக்கல்ல.

படி 1: குறைந்தது 99.999 சதவீதத் தூய ஈலியமும் சூடாக்கும் வாயுச் சுத்திகரிப்பியும் வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரின் சவ்வு துருவேறா உருக்காலானதாக இருக்கட்டும். இறப்பர்ச் சவ்வையும் பிளாஸ்திக் குழாயையும் நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன்.

படி 2: எனக்குச் சறுக்கிய இடம் இதுதான். புதிய சிலிண்டரை மாட்டியதும் வாயுவைச் சுத்திகரிப்பிக்குள் நேரே விட்டேன். ரெகுலேட்டருக்குள் சிக்கியிருந்த காற்று முழுவதும், சுத்திகரிப்பியினுள்ளே மாசுகளைப் பிடிக்கும் சூடான கலப்புலோகத்தில் போய்ப் படிந்தது. மறுநாள் அடிக்கோடு (மாதிரி இல்லாதபோது உணரி காட்டும் மின்னோட்டம்) உயர்ந்தே நின்றதோடு, நைதரசன் உச்சி மேலெழுவதற்குப் பதிலாகக் குழியாக இறங்கியது. கொண்டுசெல்லும் ஈலியத்திலேயே மாதிரியிலிருப்பதைவிட அதிக நைதரசன் இருந்தது என்பதே அதன் பொருள். இப்போது சுத்திகரிப்பியை அணைத்து ஆறவிட்டு, சிலிண்டரை மாற்றி, ரெகுலேட்டரை ஈலியத்தால் நிரப்பி வெளியேற்றுவதைப் பத்து முறை செய்த பின்னரே சுத்திகரிப்பியோடு இணைக்கிறேன். குளிர்ந்த நிலையில் ஈலியம் சற்று நேரம் ஓடிய பிறகுதான் சூடாக்குகிறேன். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் சிலிண்டரை மட்டும் மூடிவிடாதீர்கள்.

படி 3: உணரியைச் சூடாக்கி, அடிக்கோட்டு மின்னோட்டம் இறங்கி நிலைக்கும்வரை காத்திருங்கள். மூலக்கூற்றுச் சல்லடை நிரலைப் பயன்படுத்துவோர் கொழும்பின் ஈரப்பதத்தை மறக்கலாகாது. மூடாமல் வைத்த நிரல் நீரை உறிஞ்சிக்கொள்வதால், ஒட்சிசனும் நைதரசனும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிவிடும். அதனை ஈலியத்தில் சூடாக்கியே மீட்க வேண்டும்.

பின்சேர்க்கை: சவர்க்கார நீரால் கசிவு தேடலாமா என ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம், அது இணைப்பின் வழியே உள்ளே போய்விடும். ஈலியக் கசிவுமானியையே பயன்படுத்துங்கள். ஈலியம் வெளியேறும் துளையின் வழியாகவே காற்றும் எதிர்த்திசையில் பரவிப் புகுகிறது.