முதலாமாண்டு கெமிஸ்ட்ரி லேப்: பர்மாங்கனேட் டைட்ரேஷனில் கவிழாமல் இருப்பது எப்படி?

பியூரெட் எது, பிப்பெட் எது என்பதெல்லாம் பிளஸ் டூவிலேயே பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். கல்லூரிக்கு வந்ததும் பலரைக் கவிழ்ப்பது பொட்டாசியம் பர்மாங்கனேட். இது கைக்கு வந்துவிட்டால் மற்ற டைட்ரேஷன்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டைட்ரேஷன் என்பது செறிவு தெரிந்த ஒரு கரைசலை வைத்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது. இங்கே ஆக்சாலிக் அமிலத்தை வைத்துப் பர்மாங்கனேட்டின் செறிவையும், பிறகு அந்தப் பர்மாங்கனேட்டை வைத்து இரும்பு உப்பின் அளவையும் காண்கிறோம்.

முதலில் கழுவுவது. பியூரெட்டைப் பர்மாங்கனேட்டாலும் பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தாலும் ஒருமுறை அலசுங்கள். கோனிக்கல் ஃபிளாஸ்க்குக்கு வாலை வடிநீர் மட்டும் போதும். அதையும் அமிலத்தால் அலசினால் 20 மில்லிக்கு மேல் அமிலம் சேர்ந்துவிடும், ரீடிங் ஏறும். நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். குழாயடி முனையில் காற்றுக்குமிழி நின்றால் ஒரு நொடி முழுதாகத் திறந்து மூடுங்கள், ஓடிவிடும்.

லேபில் பல பியூரெட் இருந்தால் டெஃப்லான் குழாய் உள்ளதை முந்திப் போய் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயில் கிளிப் போட்டது வேண்டவே வேண்டாம். பர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும். பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு கேளுங்கள், பக்கத்தில் நிற்பவர் வாயால் உறிஞ்சினாலும் நீங்கள் செய்யாதீர்கள். கடைசியில் முனையில் தங்கும் துளியை ஊதித் தள்ளக் கூடாது. முனையை ஃபிளாஸ்க் சுவரில் தொட்டு எடுத்தால் போதும்.

20 மில்லி ஆக்சாலிக் அமிலத்தோடு அதே அளவு நீர்த்த கந்தக அமிலம். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றப் போய்விடும், ரீடிங் கூடும். நைட்ரிக் தானே ஆக்சிஜனேற்றி, அது ரீடிங்கைக் குறைக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தக் கேள்வி வராமல் போகாது.

இனி சூடாக்குவது. இங்கேதான் நிதானம் வேண்டும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஆவி லேசாக எழும்பும்போது இறக்குங்கள். கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். நம்ம ஊரில் முதல் பருவ லேப் ஆனி, ஆடியில் வரும். மேல்காற்று ஜன்னல் வழியே வந்து பர்னரை அணைத்துக்கொண்டே இருக்கும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்துங்கள், புழுக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

இறக்கியதும் பியூரெட்டிலிருந்து பர்மாங்கனேட்டின் முதல் துளியை விடுங்கள். ரோஸ் நிறம் போகாமல் அப்படியே நிற்கும். உடனே ‘எண்ட் பாயிண்ட் வந்துட்டு’, அதாவது வினை முடிந்துவிட்டது என்று குறித்துவிடாதீர்கள்! ஃபிளாஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே காத்திருந்தால் நிறம் மெல்ல மறையும். அடுத்த துளி இன்னும் சீக்கிரம், அதற்கடுத்தது விழுந்த வேகத்தில். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினைவேக மாற்றியாக வேலை செய்வதுதான் காரணம். முதல் துளியின்போது அது இல்லை, அதனால்தான் அந்த மந்தம். இடையில் பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை, அல்லது அவசரப்பட்டு ஊற்றிவிட்டீர்கள். அந்த ஃபிளாஸ்க்கைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடைசியில் வெளிர் ரோஸ் அரை நிமிடம் நின்றால் முடிந்தது. அடர் ரோஸ் என்றால் தாண்டிவிட்டீர்கள்.

ரீடிங் எடுக்கும்போது மேல் விளிம்பைப் பாருங்கள். மற்ற கரைசல்களுக்குக் கீழ்வளைவு, இதில் நிறம் அடர்த்தி என்பதால் கீழ்வளைவு தெரியாது. தொடக்க ரீடிங்கும் மேல் விளிம்புதான்.

அடுத்து ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் என்ற இரும்பு உப்பு. கொடுத்த கரைசலை 100 மில்லிக்கு நிரப்பி நன்றாகக் குலுக்குங்கள். இதிலும் அதேபோல 20 மில்லி எடுத்துப் பர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்ய வேண்டும், ஆனால் சூடாக்கக் கூடாது. சூட்டில் இரும்பு காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். முதல் டைட்ரேஷனில் சூடாக்கிய கை, பழக்கத்தில் இதையும் பர்னருக்குக் கொண்டுபோகும்.

கணக்கு சுலபம். 20 மில்லி 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்கு 19.6 மில்லி பர்மாங்கனேட் ஆனால், அதன் நார்மாலிட்டி (செறிவின் அளவு) 20 × 0.1 ÷ 19.6 = 0.1020. இரும்புக் கரைசல் 20 மில்லிக்கு 18.4 மில்லி ஆனால் 18.4 × 0.1020 ÷ 20 = 0.0938. சமான எடை 392-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 36.8 கிராம், 100 மில்லியில் 3.68 கிராம். கடைசியில் பத்தால் வகுக்க மறக்காதீர்கள். கால்குலேட்டர் கையில் இருந்தாலும் லாக் டேபிள் பழகிவையுங்கள், தேர்வு அறையில் எதை அனுமதிப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ராதாபுரம் பக்கத்துத் தங்கை ஒருத்தி, தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஈடிடிஏ டைட்ரேஷனில் நிறம் ஊதாவிலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தாள். பிஹெச்சை நிலையாக வைக்கும் பஃபர் கரைசல் குறைந்திருக்கும் தங்கச்சி. பிஹெச் 10 இருந்தால்தான் எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி திராட்சைச் சிவப்பிலிருந்து சுத்த நீலத்துக்கு மாறும். ஊதா என்பது பாதி வழி, நீலம் வரும்வரை துளித்துளியாக விடு. முடிந்தால் சாரிடம் கேட்டுவிட்டு வீட்டுப் போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுபோ. 0.01 மோலார் ஈடிடிஏ 1 மில்லி என்பது 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 20 மில்லி தண்ணீருக்கு 8 மில்லி செலவானால் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்கது 200, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை. சோப்பு ஏன் நுரைக்கவில்லை என்று அம்மாவிடம் நீயே கணக்குப் போட்டுக் காட்டலாம்.