மனமொத்த விவாகரத்து: மனுவை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது, எத்தனை மாதம் ஆகும்?

நகை, பணம், குழந்தை என எதிலும் பிணக்கு இல்லாமல், பிரிந்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே முடிவெடுத்து வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது, "இன்றைக்கு மனுப் போட்டால் எப்போது முடியும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லும் முன், இருவரும் எந்தத் தேதியிலிருந்து தனித்து வாழ்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். இந்த வகை வழக்கில் காலக்கணக்கு பிரிந்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவுதான் மனமொத்த விவாகரத்துக்கு வழிசெய்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியர்களுக்கும் இதே சட்டம் பொருந்தும். குறைந்தது ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ இயலாத நிலை இருக்க வேண்டும், திருமணத்தைக் கலைத்துக்கொள்ள இருவரும் உடன்பட்டிருக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். யார் மீது தவறு என்று மனுவில் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் இருப்பதே நல்லது. தனித்து வாழ்தல் என்றால் வெவ்வேறு வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அதுவும் தனித்து வாழ்தலே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் கூறியிருக்கிறது. வாடகையும் பள்ளிக்கூடமும் பிடித்து வைக்க, பிரிந்த பிறகும் ஒரே வீட்டில் இருக்க நேர்கிற தம்பதிகளுக்கு இது முக்கியமான விளக்கம்.

மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதற்கு அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு விடை தருகிறது. திருமணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், எதிர்த்தரப்பு இப்போது வசிக்கும் ஊர் ஆகியவற்றில் எதன் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தையும் தேர்ந்துகொள்ளலாம். மனைவி மனுதாரராக இருந்தால் அவர் தற்போது வசிக்கும் ஊரிலும் தாக்கல் செய்யலாம் என்று 2003இல் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. திருமணம் மதுரையில் நடந்து, குடித்தனம் சென்னையில் இருந்து, மனைவி இப்போது திருச்சியில் தாய் வீட்டில் இருக்கிறார் என்றால் மூன்று ஊர்களும் தகுதியுள்ளவையே. ஆனால் இருவரும் சம்மதித்துவிட்டோம் என்பதற்காக எந்தத் தொடர்பும் இல்லாத நாலாவது ஊரில் மனுவைக் கொடுக்க முடியாது. நீதிமன்றத்துக்கு இல்லாத எல்லை அதிகாரம் கட்சிக்காரர்களின் உடன்பாட்டால் வந்துவிடாது.

அந்த ஊரில் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் மனு அங்கே செல்லும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் சார்பு நீதிமன்றத்தை அணுக வேண்டும். அங்கே வழக்கு எண்ணுக்கு முன்னால் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும்.

சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தவர்களுக்கு அச்சட்டத்தின் 28ஆவது பிரிவு ஏறக்குறைய இதே நடைமுறையை வகுத்திருக்கிறது. கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவு பொருந்தும். அதன் வாசகப்படி தனித்து வாழ வேண்டிய காலம் இரண்டு ஆண்டுகள் என்பதால் கணக்கே மாறிவிடும்.

இனிக் காலக்கணக்கு. மனு தாக்கலாகும்போது இருவரும் நேரில் வந்து சம்மதம் தெரிவிப்பது முதல் கட்டம். அதன்பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து அதே சம்மதத்தை உறுதிப்படுத்துவது இரண்டாம் கட்டம். மனைவி 2024 ஜனவரி 10 அன்று பிரிந்து சென்றதாகக் கொள்வோம். 2025 ஜனவரி 10க்கு முன்னால் மனுவைக் கொடுக்க இயலாது. ஜனவரி 20 அன்று தாக்கல் செய்தால், ஜூலை 20க்குப் பிறகுதான் இரண்டாம் கட்டத்துக்கு வர முடியும். 2026 ஜூலை 20ஐத் தாண்டியும் வராவிட்டால் அந்த மனுவை நம்பிப் பயனில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் தாக்கலிலிருந்து ஏழு எட்டு மாதம் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. வாய்தாக்கள் சேர்ந்தால் அதற்கு மேலும் ஆகும்.

அந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, நீதிமன்றம் தன் விருப்புரிமையால் விலக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு அது சொன்ன நிபந்தனைகளில் முதலாவது, ஓராண்டுப் பிரிவும் அதற்கு மேல் ஆறு மாதமும், ஆக ஒன்றரை ஆண்டு, மனுத் தாக்கலுக்கு முன்பே கழிந்திருக்க வேண்டும் என்பது. சமரச முயற்சிகள் பலனளிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு ஆகியவை தீர்ந்திருக்க வேண்டும். இனியும் காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து விலக்குக் கோரும் மனுவைக் கொடுக்கலாம். மேலே சொன்ன தம்பதி 2025 ஜூலை பிற்பகுதியில் தாக்கல் செய்தால் இந்த வழி அவர்களுக்குத் திறந்திருக்கும். இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கொண்டுபோய்விடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே ஓராண்டு முடிந்தவர்கள் விலக்கை நம்பிக் காத்திருக்காமல் உடனே தாக்கல் செய்வதும், ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டவர்கள் விலக்கு மனுவை மறக்காமல் கொடுப்பதும்தான் சரி. பிரிந்த தேதியை மனுவில் பிசகாமல் எழுத வேண்டும் என்பதும் இதனால்தான். இருவரும் ஆளுக்கொரு தேதி சொன்னால் விலக்குக் கேட்பதற்கான அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும்.

சட்டம் வைக்கும் தாமதத்தைவிட, பேசி முடிக்காத நிபந்தனைகள் வைக்கும் தாமதமே பெரிது என்பது என் எண்ணம். இறுதித் தீர்ப்பு வரும்வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், அரைகுறையாகப் பேசியது இரண்டாம் கட்டத்தில் வெடிக்கும். தொகை எவ்வளவு, அதில் முதல் கட்டத்தன்று எவ்வளவு, இரண்டாம் கட்டத்தன்று நீதிபதி முன் டி.டி.யாக எவ்வளவு என்று உடன்படிக்கையில் எழுதிவிட வேண்டும். நகைகளைத் திருப்பிக் கொடுத்தால் "நகைகள் பெறப்பட்டன" என்று ஒரு வரியில் முடிக்காமல், ஆரம், வளையல், தோடு என ஒவ்வொன்றையும் எடையோடு பட்டியலிட்டு, பெற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குழந்தை யாரிடம், மற்றவர் எந்தக் கிழமையில் பார்ப்பது, பள்ளி விடுமுறை எப்படி என்பதும் அதில் இருக்கட்டும். குழந்தைக்கான செலவை விட்டுக்கொடுத்ததாகத் தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தால் அது விவாகரத்தோடு தானாக முடிந்துவிடாது. ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் தனியே மனுச் செய்ய வேண்டும்.

தாக்கலுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் அழைப்பிதழும் திருமணப் புகைப்படமும், இருவரின் ஆதார் நகல், முகவரிச் சான்று, புகைப்படங்கள் ஆகியவை தேவைப்படும். மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டாலும் மனு ரிட்டர்ன் ஆகி, எண் பெறுவதற்குள் சில வாரங்கள் வீணாகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் மூலமாகவோ காணொலி வாயிலாகவோ ஆஜராக அனுமதி கேட்க அந்த 2017 தீர்ப்பே இடமளிக்கிறது. பெண்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள்.

முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, இருபக்கத்துப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சமூக வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை என்றாலும், அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை நிரூபிக்கும் சுமை அதைச் சொல்பவர் தலையில்தான் விழும். அந்தப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மறுமணம் செய்வது, இருதார வழக்குக்கு வாசலைத் திறந்து வைப்பதாகும்.

தீர்ப்பு சொல்லப்பட்ட அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரை நீக்கவும், மறுமணத்தைப் பதிவு செய்யவும் அந்த நகலைத்தான் கேட்பார்கள். நகலைக் கையில் வாங்கியதும், மனுவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் தீர்ப்பில் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று நீதிமன்ற வாசலிலேயே நின்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது; ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதைத் திருத்த இன்னொரு மனுவோடு வர வேண்டியிருக்கும்.