யமனாஷி பீச் காகிகோரி: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜப்பானில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பீச் பழக் காலம். நாட்டிலேயே அதிகம் விளைவது யமனாஷி மாகாணத்தில், அடுத்தது ஃபுகுஷிமா. வெயில் உச்சத்தில் இருக்கும்போதே இந்தப் பழமும் வந்துவிடுவதால், பனிக்கட்டியைச் சீவிப் பழப்பாகு ஊற்றும் காகிகோரிக்கு இதைவிடப் பொருத்தமான பழம் இல்லை என்பேன்.

இரண்டு பேருக்கு: நன்கு பழுத்த பீச் 2, சர்க்கரை 100 கிராம், தண்ணீர் 150 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி. கையால் சுற்றும் சீவும் கருவியே போதும். மிக்ஸியில் ஐஸை உடைத்தால் மணல்மணலாகத்தான் வரும், அது வேண்டாம்.

முதல் நாள் இரவே கருவியோடு வரும் அச்சுக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். பரிமாறும் கிண்ணங்களையும் ஃப்ரீசரில் வையுங்கள்.

அடுத்து பாகு. பழத்தைக் கழுவித் தோலை உரியுங்கள். தோலைத் தூக்கிப் போடாதீர்கள், நிறமும் மணமும் அதில்தான் இருக்கின்றன. தண்ணீர், சர்க்கரை, தோல் மூன்றையும் சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்க விட்டு, இறக்கியதும் எலுமிச்சைச் சாறு சேருங்கள். புளிப்பு பட்டதும் மங்கலாக இருந்த நிறம் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். வடிகட்டி நன்றாக ஆறவிடுங்கள். சதையைப் பச்சையாகவே அந்தப் பாகோடு மிக்ஸியில் அடித்து, ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம் வையுங்கள். சதையைக் கொதிக்க வைத்தால் ஜாம் வாசனை வந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை உடனே சீவாதீர்கள். சுமார் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஐஸ் மிகவும் இறுகியிருக்கும், கத்தி பட்டதும் துகள்துகளாக உடையும். அச்சிலிருந்து எடுத்துத் தட்டில் 10 நிமிடம் போல வெளியே வையுங்கள். மேலே படிந்த வெண்பனி மறைந்து, ஈரம் பளபளத்தால் பதம் சரி. அப்போதுதான் கத்தி மெல்லிய இதழ்களாகச் சீவும். நிக்கோ என்ற ஊரில் குளிர்காலக் குளங்களில் மெதுவாக உறையவிட்டு அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து கோடைவரை காக்கும் இயற்கை ஐஸுக்கு ஜப்பானில் பெரிய மதிப்பு உண்டு. வீட்டில் அது கிடைக்காது, ஆனால் இந்தப் பத்து நிமிடப் பொறுமை நம் சாதாரண ஐஸையும் மிருதுவாக்கிவிடும்.

கத்தியை மெலிதாகச் சீவும்படி சரிசெய்து, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே சீவுங்கள். பாதி நிறைந்ததும் கொஞ்சம் பாகு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அடியில் வெறும் ஐஸ்தான் மிஞ்சும். அப்புறம் மேலே குவியலாகச் சீவி மீதிப் பாகை ஊற்றுங்கள். கையால் அழுத்தவே கூடாது. பிடித்தவர்கள் கன்டென்ஸ்டு மில்க் சேர்க்கலாம்.

பீச் கிடைக்காத நாட்களில் ஜப்பானின் தெற்கில் உள்ள ஒகினாவா தீவுகளின் கருப்புச் சர்க்கரையைச் சம அளவு தண்ணீரில் பாகாகக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றலாம். ஒகினாவாவில் இனிப்பாக வேகவைத்த ராஜ்மா பயறை அடியில் போட்டு, மேலே ஐஸைச் சீவி 'ஜென்சாய்' என்று விற்பார்கள். அதுவும் அருமை.

பீச் பாகு மிஞ்சினால் சிறு பைகளில் போட்டு உறைய வையுங்கள். அடுத்தமுறை ஐஸ் பதமாகும் நேரத்தில் பையைத் தண்ணீரில் போட்டால், அதற்குள் பாகும் இளகிவிடும்.