வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய வண்டியைப் பார்த்துவிட்டு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) ‘டோட்டல் லாஸ்’, அதாவது முழு இழப்பு என்றால், அது அப்பளமாக நொறுங்கியிருக்க வேண்டும் என்பதில்லை; பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐடிவி தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே அப்படித்தான் கணக்கு. ஐடிவி 4 லட்சம் என்றால், எஸ்டிமேட் 3 லட்சத்தைத் தாண்டினால் போதும்.

அதனால் முதலில் எஸ்டிமேட்டின் நகலை வாங்கி வரிவரியாகப் பாருங்கள். மாற்றத் தேவையில்லாத பாகம் ஏதாவது சேர்ந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. கடன் பாக்கி இருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும், மிச்சம்தான் உங்களுக்கு.

அப்புறம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி இனி ஓடவே ஓடாது என்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து அதை ரத்து செய்யுங்கள். உடைந்த வண்டியோடு ஆர்சியையும் சேர்த்துப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் பதிவு எண்ணும் சேஸிஸ் நம்பரும் ஏதோ ஒரு திருட்டு வண்டியில் ஏறி ஊர் சுற்றும், போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பிரீமியம் குறையுமே என்று ஐடிவியைக் குறைத்துப் போடவும் வேண்டாம்; டோட்டல் லாஸ் ஆனால் கைக்கு வரும் பணமும் அதை வைத்துத்தான்.