ரவுண்ட் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி

செஸ் போட்டியில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு ஹாலிலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கிறோம்? "ஜெயிச்சியா?" இரண்டு வருடம் நானும் அதைத்தான் கேட்டேன். தோற்ற நாட்களில் மகள் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முடிவு அந்த நடையிலேயே தெரிந்துவிடுகிறதே, அப்புறம் கேள்வி எதற்கு? தண்ணீர் பாட்டிலை நீட்டினால் போதும். பேசத் தோன்றினால் அவளே பேசுவாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே வருவது எஞ்சின், அதாவது சிறந்த மூவைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். பிள்ளை மூவ்களை எழுதிவரும் நோட்டேஷன் தாளை வாங்கி, அவற்றைப் போனில் போட்டு, "பாரு, 22-ஆவது மூவ்ல எல்லாம் போச்சு" என்பது. காய்கள் எப்படி நகரும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாத அப்பாகூட எஞ்சின் கையில் இருந்தால் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுகிறார். அடுத்த ரவுண்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்தத் தகவலை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? எஞ்சின் சரியான மூவைக் காட்டும். ஆனால் பிள்ளை ஏன் வேறொன்றை ஆடியது என்று அதற்குத் தெரியாது. கோச்சுக்கு வேண்டியதே அந்த 'ஏன்'தான். போட்டி முடிந்த பிறகு, நினைவு மங்குவதற்குள் தாளின் ஓரத்தில் பிள்ளையே இரண்டு வரி எழுதி வைக்கட்டும். 2024-இல் உலக சாம்பியன் ஆன குகேஷ், தொடக்க ஆண்டுகளில் எஞ்சின் இல்லாமலே பயிற்சி எடுத்தவர். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

ஆட்ட பலத்தைக் காட்டும் ரேட்டிங் புள்ளியைப் பரீட்சை மார்க் மாதிரி பார்ப்பது இன்னொரு தவறு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டங்களில், 2300-க்குக் கீழே இருக்கும் சிறுவர் சிறுமியருக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வைத்திருக்கும் 'கே' மதிப்பு, அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதன் உச்ச வரம்பு, 40. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும். 200 புள்ளி குறைவானவரிடம் தோற்றால் ஏறக்குறைய 30. ஒரே போட்டியில் 100 புள்ளி கரைவதும் ஏறுவதும் இந்த வயதில் சகஜம். அதிலும் எதிரே இருப்பதும் வேகமாக வளரும் ஒரு பிள்ளை என்றால், அதன் ரேட்டிங் சில மாதங்களுக்கு முந்தைய பலத்தைத்தான் காட்டும். "போயும் போயும் 1500 ஆளிடம் தோத்துட்டியே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. இதைவிட மோசம், இருக்கிற ரேட்டிங்கைக் காப்பாற்ற வேண்டும் என்று போட்டிக்கே அனுப்பாமல் வைப்பது.

ஹாலுக்குள் அனுமதித்தார்கள் என்றால் சும்மா நிற்க வேண்டும். பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது நாம் முகம் சுளித்தாலே அது ஒரு குறிப்புதான். விதிமீறல் எதுவும் கண்ணில் பட்டால் நடுவரான ஆர்பிட்டரிடம் மட்டும் சொல்லலாம். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று பிள்ளையின் சட்டைப் பையில் போனை வைத்து அனுப்பாதீர்கள். ஆட்டத்தின்போது அது தெரிய வந்தால், ஜெயிக்கும் நிலையில் இருந்தாலும் தோல்விதான்.

எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. போர்டு நம்பர் பார்ப்பது நாம், பேனா எடுத்து வைப்பது நாம், சந்தேகம் கேட்பதும் நாம். எதிராளி "காயைத் தொட்டுட்டே, அதைத்தான் ஆடணும்" என்று அதட்டினால், கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிடலாம் என்பதுகூடப் பிள்ளைக்குத் தெரியாது. ஜெயித்த ஆட்டத்தில் எதிராளி தாளில் முடிவை மாற்றி எழுத, என் மகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையெழுத்தான முடிவு தவறாக இருந்தாலும், ஆர்பிட்டர் மாற்றினால் ஒழிய அதுதான் நிற்கும். அன்று மாறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பலகையை விரித்து, நான் வேண்டுமென்றே பொய்ப் புகார் சொல்லி அவளோடு ஆடினேன். அவள் கையைத் தூக்கி "ஆர்பிட்டர்!" என்று கூப்பிட மூன்று ஆட்டம் ஆனது.