சோளப் பயிரில் இலைநோய்களைக் கட்டுப்படுத்தும் முறை

சென்னையை அடுத்த மாதவரம், செங்குன்றம் பக்கம் மாட்டுத் தீவனத்துக்காகச் சோளம் விதைப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாரம் இருமுறையாவது அடியிலைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விரலால் தேய்க்கும்போது செம்பழுப்புப் பொடி ஒட்டினால் அது துரு நோய்; நடுவில் வைக்கோல் நிறமும் ஓரத்தில் கருஞ்சிவப்பும் கொண்ட நீள்வட்டத் திட்டுகள் பரவினால் இலைக்கருகல்; சிறு செம்புள்ளிகளின் நடுவே, உருப்பெருக்கிக் கண்ணாடியில் கரும்புள்ளிகள் தெரிந்தால் ஆந்த்ராக்னோஸ். இவை மூன்றும் பூசணத்தால் வரும் நோய்கள்.

இலை நனைந்திருக்கும் நேரம் நீளநீளப் பூசணம் பெருகும் என்பதால், நெருக்கி விதைக்காமலும், மாலையில் தெளிப்புநீர் பாய்ச்சாமலும் இருப்பதே முதல் மருந்து என்பேன். துருப் பூசணம் தங்கி வாழும் புளியாரைக் களையை வரப்பிலும் விட்டுவைக்கக் கூடாது.

தானியத்துக்கான பயிரில் நோய் தென்பட்டவுடன், சோளத்துக்கு இப்போது அனுமதிக்கப்பட்ட பூசணக்கொல்லி எது என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுத் தெளிக்கலாம். தீவனப் பயிரில் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பாதி பூத்ததும் தாமதிக்காமல் அறுத்துவிடுவதே நல்லது. நோய்க்கு அஞ்சி இளம்பயிராகவே அறுத்துப் போட்டால், அதிலுள்ள சயனைடு நச்சு மாட்டின் உயிரையே பறிக்கக்கூடும். அறுவடைக்குப் பின் தட்டைகளை அகற்றி, ஆழ உழுது, அடுத்த போகத்தில் உளுந்து விதைக்கலாம்.